அகழ்ந்து கொட்டிய மண்ணும் அதன் பரீட்சையும்

(அரக்கோணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுகிற, இரயில் சந்திப்பினால் பெயர் பெற்ற இந்த அரக்கோணத்தில், சுரங்கத்து மண்ணின் ரசாயனத்தைப் பற்றி ஒருவன் பேச வருவதற்கு என்ன பிரமேயம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இங்கிருந்து ரேணிகுண்டா வழியாகக் கடப்பை செல்லும் இருப்புப்பாதையில் ஓபுலவாரிபள்ளியைக் கடந்து போனவர்கள், அதை அடுத்த மங்கம்பேட்டையில் பேரைட்ஸ் கனிமத்துக்காகப் பாறையை அகழ்ந்து குவித்திருப்பதை அறிவார்கள். மேற்கே ராணிப்பேட்டையில் மூடப்பட்டுப்போன குரோமேட் ஆலையின் கழிவு, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலாகத் திறந்தவெளியில் கிடந்து, மழைதோறும் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருத்தணி மலைக்குப் போகிற வழியிலும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், கல் உடைத்தெடுத்த பள்ளங்களையும் சவுடு எடுத்த ஏரிகளையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். பூமியைத் தோண்டுகிறவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை மேலே போட்டுவிட்டுப் போய்விடுகிறான். அந்த வேண்டாததன் மேல்தான் பிறகு யாரோ ஒருவர் ஏர் பூட்ட நேருகிறது. அது ஏர் பூட்டத் தக்கதுதானா என்பதை எவ்வாறு பரீட்சிப்பது, எந்தச் சமயத்தில் பரீட்சிப்பது என்பவையே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயங்கள்.

இதைக் கற்றுக்கொள்ள நம் மாநிலத்தில் நெய்வேலியைவிடப் பெரிய பாடசாலை வேறில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள் கவனத்துக்கு வந்ததும், 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்ததும், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிறுவனம் பதிவானதும், 1957 மே 20 அன்று பிரதமர் நேரு முதல் சுரங்கத்தைத் தொடங்கி வைத்ததும், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டதும் பலராலும் பலமுறை எழுதப்பட்ட செய்திகள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது 1957க்கும் 1961க்கும் இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளை. அந்த நான்கு ஆண்டுகளும் அங்கே ஆயிரக்கணக்கான மனிதர்களும், ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட ராட்சத வாளிச்சக்கர இயந்திரங்களும் அகழ்ந்து எடுத்தது நிலக்கரியை அன்று, அதன் மேலே கிடந்த மண்ணையும் மணற்கல்லையும் களியையும்தான். இன்றும் அங்கே எடுக்கப்படும் நிலக்கரியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இந்த மேற்படுகையே எடுக்கப்படுகிறது. சுரங்கத் தொழிலாளர்கள் 'ஓ.பி.' என்று சுருக்கமாகச் சொல்லும் இதனை நான் சுரங்கமண் என்று குறிப்பிடுகிறேன்.

மேலே ஓரிரு அடி ஆழத்துக்கு, முந்திரியும் சவுக்கும் பலாவும் வளர்ந்த செம்மண். அதன் கீழே கடலூர் மணற்கல் என்று புவியியலார் வழங்கும் படுகை. இயந்திரத்தின் பற்களைத் தேய்த்து, முதல் ஆண்டுகளில் பொறியாளர்களைத் திகைக்கச் செய்தது இதுதான். அதனுள் வெள்ளையும் மஞ்சளும் சாம்பல் நிறமுமான களிப்படைகள். நிலக்கரியை நெருங்க நெருங்க, கரிய களியிலும் மணற்கல்லிலும் மார்க்கசைட் என்ற கனிமம் முண்டு முண்டாகவும் பட்டை பட்டையாகவும் தோன்றுகிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள் அது, பைரைட்டுக்கு உடன்பிறப்பு, ரசாயன அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே, படிக அமைப்பு மட்டும் வேறு. இரண்டில் மார்க்கசைட்டே பொறுமையற்றது. காற்றும் ஈரமும் பட்டால் முதலில் உடைவது அதுவே.

இந்தப் பொறுமையின்மையைக் கண்ணால் காண வேண்டுமானால், மார்க்கசைட் முண்டு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஊரும் ஆழமும் எழுதிய காகிதச் சீட்டு ஒன்றையும் உள்ளே போட்டு, பரீட்சைச் சாலையின் அலமாரியில் வைத்துவிட்டுப் பாருங்கள். வைத்த அன்று வெளிறிய பித்தளை நிறத்தில், உடைத்த பக்கத்தில் சற்றே பச்சை சாயலோடு, கனமாக, யாரும் கையிலெடுத்துப் பார்க்க விரும்பும் அழகோடு இருக்கும். ஒரு மழைக்காலம் கழிந்து புட்டியைத் திறந்தால் மூக்கைத் தாக்குகிற கந்தக நெடி; முண்டின் மேல் வெள்ளையும் இளமஞ்சளுமாய்ப் பூத்த உப்பு; விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது; உள்ளே போட்ட சீட்டோ பழுப்பேறி, அரித்துப்போய், எழுத்திருந்த இடம் ஓட்டையாகக் கிடக்கிறது. புட்டிக்குள் ஒருவரும் அமிலம் ஊற்றவில்லை. கல்லிலிருந்த கந்தகமே காற்றிலிருந்த ஆக்ஸிஜனையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு கந்தக அமிலமாயிற்று. மண்ணில் இந்த மாற்றத்தைப் பன்மடங்கு விரைவுபடுத்தும் பாக்டீரியா ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க நீரில் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் 1947இல் அதனை இனங்கண்டு எழுதினார்கள்.

சுரங்கமண்ணைப் பரீட்சிப்பதிலுள்ள மூலமான சிக்கல் இந்தப் புட்டியிலேயே அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். நாம் வயல் மண்ணைப் பரீட்சிக்கும்போது, அது பல்லாயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடந்து, மாற வேண்டியவையெல்லாம் மாறித் தீர்ந்த மண் என்பதால், இன்று அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் போதுமானது. சுரங்கமண்ணோ லட்சக்கணக்கான ஆண்டுகள் காற்றையே காணாமல் புதைந்து கிடந்தது. அதனிடம் இன்று என்ன இருக்கிறது என்று கேட்பது பாதிக் கேள்விதான். காற்றும் மழையும் பட்டபின் நீ என்ன ஆவாய் என்று கேட்க வேண்டும். நேற்று வெட்டியெடுத்த கரிய களியைத் தண்ணீரில் குழைத்துப் பி.எச். பார்த்தால் ஆறரை, ஏழு என்று மிக நல்ல மண்ணின் எண்ணையே அது காட்டக்கூடும். அதே களி இரண்டு மழைக்குப் பின் மூன்றுக்கு இறங்கி, புல்லைக்கூட முளைக்கவிடாமல் செய்யக்கூடும். அந்த அமிலத்தில் களியிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் குட்டையாக்குகிறது. மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இட்ட உரம் இட்ட இடத்திலேயே பயனற்றுப் போகிறது.

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு, மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 1970களில் ஒரு முறையை வகுத்தார்கள். 1978இல் சோபெக் முதலானோர் தொகுத்த கைநூலின் வழியாக அது உலகெங்கும் பரவியது. கணக்குப்பிள்ளையின் வரவு செலவு ஏட்டைப் போன்றது அந்த முறை: மண் எவ்வளவு அமிலத்தை உண்டாக்கக்கூடும் என்பதை ஒரு பக்கமும், எவ்வளவு அமிலத்தைத் தானே தணித்துக்கொள்ளும் என்பதை மறுபக்கமும் எழுதி, கழித்துப் பார்ப்பது. அமிலப் பக்கத்துக்குக் கந்தகத்தை அளக்கிறோம். தணிக்கும் பக்கத்துக்கு, பொடித்த மண்ணில் இரண்டு கிராம் நிறுத்தெடுத்து, முதலில் ஒரு சிட்டிகையின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டொரு சொட்டு விட்டு, எவ்வளவு நுரைக்கிறது என்று பார்க்கிறோம். சுண்ணாம்புச் சத்துள்ள மண் 'ஸ்' என்ற ஓசையோடு பொங்கும். இல்லாத மண் அமிலத்தைச் சும்மா உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். நுரைக்கு ஏற்ற அளவு அமிலத்தை, அளந்து, நிறுத்தெடுத்த மண்ணில் சேர்த்துச் சூடாக்கி, குமிழி அடங்கியபின் ஆறவைத்து, மிச்சமிருக்கும் அமிலம் எவ்வளவு என்பதைப் பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்ஸைடைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, பி.எச். ஏழுக்கு வரும்வரை அளக்கிறோம். சேர்த்ததில் மிச்சமில்லாமற்போனது எவ்வளவோ, அவ்வளவே அந்த மண்ணின் தணிக்கும் சக்தி.

இதன் கணக்கு எளிது. ஒரு டன் கந்தகம் முழுவதும் அமிலமாக மாறினால், அதைத் தணிக்க 3.125 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஓர் ஏக்கரில் அரையடி ஆழத்து மண் ஏறத்தாழ 900 டன் எடை என்று வைத்துக்கொண்டால், அதில் கந்தகம் நூற்றுக்கு 0.2 பங்கு மட்டுமே இருந்தாலும், 1.8 டன் கந்தகம். அதற்கு ஐந்தரை டன்னுக்கும் அதிகமான சுண்ணாம்புக்கல். நூற்றில் ஒரு பங்கு என்றால் ஏக்கருக்கு 28 டன். அந்த முறையை வகுத்தவர்கள், 1000 டன் மண்ணுக்கு 5 டன் சுண்ணாம்புக்கல் அளவுக்குப் பற்றாக்குறை காட்டும் மண்ணை மேலே விடத்தகாத மண் என்று வரையறுத்தார்கள்.

இந்தக் கணக்கிலும் ஏமாற இடமுண்டு. மொத்தக் கந்தகத்தை அளந்தால், அமிலம் தராத ஜிப்சத்தின் கந்தகமும் சேர்ந்துகொண்டு நல்ல மண்ணைக் கெட்டதாகக் காட்டும். இரும்புக் கார்பனேட்டான சிடரைட் இருந்தாலோ, முதலில் அமிலத்தைத் தணிப்பதுபோல் பாவித்து, பின்னர் அதன் இரும்பு ஆக்ஸிஜனை ஏற்கும்போது அந்த அமிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கெட்ட மண் நல்லதாகத் தோன்றும். ஆகையால் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் துணைக்கு அழைக்க வேண்டும். காற்றும் மழையும் பல மாதங்களில் செய்வதை அது சில மணி நேரத்தில் செய்து காட்டிவிடும்: மார்க்கசைட் கலந்த களியில் அதனை ஊற்றினால் முகவை சுடுகிறது, புகைகிறது, பொங்கி வழிகிறது, அடங்கியபின் பி.எச். பார்த்தால் மண்ணின் உள்ளக்கிடக்கை வெளியாகிவிடுகிறது. இரண்டு பரீட்சைகளும் ஒத்துப்போனாலன்றி முடிவு சொல்லலாகாது என்பது என் அபிப்பிராயம்.

ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இரண்டு வட்டாரங்களில் இரண்டு விதமான கதியை அடைந்ததற்குக் காரணமும் இந்த வரவு செலவுதான். கொலோன் நகருக்கு மேற்கே உள்ள வட்டாரத்தில் நிலக்கரிக்கு மேலே லோயெஸ் என்கிற, காற்று கொணர்ந்து படிவித்த, சுண்ணாம்புச் சத்து நிறைந்த வண்டல் கிடந்தது. அதைத் தனியே எடுத்துவைத்து, பள்ளம் மூடியபின் இரண்டு மீட்டர் கனத்துக்கு மேலே பரப்பினார்கள். அங்கே இன்று கோதுமை விளைகிறது. கிழக்கே லவுசிட்ஸ் வட்டாரத்தில் மேற்படுகை பைரைட் கலந்த மணல். அதைத் தணிக்கச் சுண்ணாம்பில்லை. மூடாமல் விட்ட பள்ளங்களில் தேங்கிய ஏரிகள் பலவற்றில் நீர் வினிகரைப் போலப் புளித்துப்போய், படகுகளில் சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேசம் ஒன்று, எரிபொருள் ஒன்று, இயந்திரமும் ஒன்று. மேலே கிடந்த மண்ணின் ரசாயனம் மட்டும் வேறு.

அமிலம் ஒன்றோடு காரியம் முடிந்துவிடவில்லை. களிப்படையில் சோடியம் மிகுந்திருந்தால், அந்த மண் நனைந்தவுடன் பாலாய்க் கரைந்து, காய்ந்தவுடன் ஓடாய் இறுகிவிடும். நம் களர்நிலத்தின் குணமே அது. இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். சிறு மண்கட்டி ஒன்றை மழைநீர் உள்ள தட்டில் மெதுவாக வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பாலாடைபோல் கலங்கல் பரவுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதியைச் சோடிய விகிதம் சொல்லும். குரோமியம், ஆர்சனிக் போன்றவற்றின் மொத்த அளவைமட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு ராணிப்பேட்டையே பதில்: மும்மை இணைதிறன் கொண்ட குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், அறுமை இணைதிறன் கொண்டதோ நீரோடு நீராய்க் கிணற்றுக்கு வந்து சேரும். எவ்வளவு என்பதைவிட எந்த வடிவில் என்பதே முக்கியம்.

இன்னொரு பிழையைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். மண்ணின் கரிமச் சத்தை அளக்க 1934ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருக்கும் வாக்லி–பிளாக் முறையையே நம் மண் பரிசோதனைக் கூடங்கள் பின்பற்றுகின்றன. வயல் மண்ணுக்கு அது நல்ல முறை. பழுப்பு நிலக்கரித் துகள் கலந்த சுரங்கமண்ணில் அந்த முறையைக் கையாண்டால், நிலக்கரியின் கார்பனில் ஒரு பங்கும் கணக்கில் ஏறிவிடும். மார்க்கசைட்டின் இரும்பும் கந்தகமும்கூட அந்த எண்ணை உயர்த்திவிடும். அறிக்கையிலோ 'கரிமச் சத்து: அதிகம்' என்று அச்சாகிவரும். மட்கிய இலையும் தழையும் சாணமும் ஒரு துளிகூட இல்லாத, ஒரு மண்புழுகூட வாழ முடியாத மண்ணுக்கு இந்தச் சான்றிதழ்! அதை நம்பித் தொழு உரத்தையும் தழைச்சத்தையும் குறைத்துவிடுகிற உழவரின் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? சுரங்கமண்ணுக்குச் சுரங்கமண்ணின் முறைகளே வேண்டும். வயலின் அளவுகோலை அப்படியே கொண்டுபோய் வைப்பது சாஸ்திரம் ஆகாது.

இனி, எப்போது பரீட்சிப்பது? பல இடங்களில், மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேட்டைச் சமன்செய்து, மரக்கன்றையும் நட்டு, அது பட்டுப்போனபின், ஏன் பட்டது என்று அறிய மாதிரி எடுக்கிறார்கள். அப்போது எடுக்கும் மாதிரி நோயின் பெயரைச் சொல்லுமேயன்றி நோயைத் தடுக்காது. நிலக்கரி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அறியச் சுரங்கத்துக்கு முன்னரே துளையிட்டு மண்தண்டு எடுக்கிறார்களே, அந்தத் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படையையும் வரிசை மாறாமல் வைத்திருக்கிறது. நிலக்கரிப் பகுதியைமட்டும் வெட்டி எடுத்து ஆராய்ந்துவிட்டு மற்றதை ஒதுக்கிவிடாமல், நிறமோ மணமோ கனமோ மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் பிரித்து, ஒன்றோடொன்று கலக்காமல் பரீட்சித்தால், எந்தப் படை விஷம், எந்தப் படை மருந்து என்பது ஒரு வாளி மண் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ஐந்து படைகளைக் கலந்து ஒரே மாதிரியாக்கிச் சராசரி காண்பது பெருந்தவறு. சராசரியில் ஒரு செடியும் வேர்விடுவதில்லை. மார்க்கசைட் உள்ள மாதிரியை ஈரத்தோடு மூட்டைகட்டி வராந்தாவில் போட்டுவைப்பதும் ஆகாது. பரீட்சைக்கு வரும்போது அது வேறு மண்ணாகியிருக்கும். எடுத்தவுடன் உலர்த்தி மூடி வைக்க வேண்டும்.

நெய்வேலியில் இதற்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அங்கே மேற்படுகையைப் படிப்படியாக, தனித்தனித் தளங்களில், வாளிச்சக்கரங்கள் வெட்ட, கன்வேயர் பட்டை கொண்டுசெல்ல, மறுகரையில் ஸ்பிரெடர் இயந்திரம் பரப்புகிறது. எந்தத் தளத்து மண் எந்த உயரத்தில் விழ வேண்டும் என்பதை மனிதன் தீர்மானிக்க இயலும். கரிய களி அடியில் ஆழப் புதைந்து காற்றுக்கு எட்டாமல் கிடக்கவும், செம்மண் மேலே வந்து சேரவும் செய்யலாம். அதற்கு முன்கூட்டிய ரசாயன அறிவு ஒன்றே வேண்டும்.

மேலே வந்து சேர்ந்த மண்ணும் உடனே வயலாகிவிடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் நெய்வேலி நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சிகளில், தொழு உரம், சர்க்கரை ஆலைக் கழிவு, உயிர் உரங்கள், அனல்மின் நிலையத்தின் சாம்பல், பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலம் ஆகியவற்றை இட்டுப் பயிர் செய்து பார்த்திருக்கிறார்கள். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. ஆகையால் அதே பூமியிலிருந்து வந்த அமிலத்துக்கு அதே பூமியிலிருந்து வந்த மருந்தாக அது அமைகிறது. ஆனால் அந்தச் சாம்பலிலும் கரையும் உப்பும் போரானும் உண்டு. சாம்பலையும் பரீட்சிக்காமல் மண்ணில் கொட்டுவது ஒரு வியாதிக்குப் பதில் இன்னொன்றை வாங்கிக்கொள்வதாகும். இவையெல்லாம் செய்தபின், மண்சட்டிகளில் அந்த மண்ணை நிரப்பிச் சணப்பையோ தட்டைப்பயற்றையோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மெதுவாகப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் முடிச்சுகள் இருந்து, ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே தழைச்சத்து சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். எத்தனை கருவிகள் வந்தாலும் இந்தச் சாட்சியத்தை நான் கடைசிச் சாட்சியமாக வைப்பேன்.

இந்தப் பரீட்சைகளின் முடிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் நான் கேட்டாக வேண்டும். நெய்வேலியைச் சுற்றிலும் நிலத்தையும் ஊரையும் விட்டுப்போன குடும்பங்கள் பல. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரினுள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைக் கண்டு கலங்காத உழவர் நம் நாட்டில் இருக்க மாட்டார். நிலக்கரிச் சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்கூட்டியே எழுதி, அதற்கான பணத்தையும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009இல் நெறிமுறை வகுத்தது. அது நல்ல காரியம். ஆயினும் அந்தத் திட்டத்தில் 'நிலம் சீரமைக்கப்பட்டது' என்ற சொற்றொடருக்குப் பின்னே படைவாரியான எண்கள் இருக்கின்றனவா, அவை தமிழில் அச்சிடப்பட்டு ஊராட்சி அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கிற உரிமை அந்த நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு உண்டு. பச்சையாகத் தெரிகிறது என்பது சீரமைப்புக்குச் சான்றாகாது, சீமைக்கருவேலும் பச்சைதான்.

கடைசியாக நம் ஊர் விஷயம். இங்கே பள்ளத்தை நிரப்பவும் நிலத்தை உயர்த்தவும் சவுடும் கிராவலும், சில சமயம் எங்கிருந்து வந்ததென்றே தெரியாத மண்ணும் லாரியில் வந்து இறங்குகின்றன. 2015 முதல் மத்திய அரசு வழங்கிவரும் மண்வள அட்டை உங்களில் பலரிடம் இருக்கும். அதில் பன்னிரண்டு அம்சங்கள் உண்டு. கந்தகமும் அவற்றில் ஒன்று. ஆனால் அது பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய கந்தகம். கல்லுக்குள் ஒளிந்திருந்து நாளை அமிலமாகப் போகிற கந்தகம் அன்று. குரோமியமும் அந்த அட்டையில் இல்லை. ஆகவே வெளியிலிருந்து மண் வருமானால், அதை எடுக்கிற இடத்துக்கு நீங்களே நேரில் போய், வெட்டுமுகத்தில் நிறம் மாறுகிற படைதோறும் ஒரு கிலோ தனித்தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இட்டு, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்; பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும்போது, இது வயல் மண் அன்று, தோண்டிய மண் என்று வாயாலும் சொல்லி, சீட்டிலும் எழுதி, பெராக்ஸைடு இட்டபின் காட்டும் பி.எச்., சோடிய விகிதம், அறுமைக் குரோமியம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். விடை கைக்கு வரும்வரை லாரியை வரப்புக்கு வெளியே நிறுத்தி வைப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டியதில்லை.